லேப்டாப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா? ஃபார்மட் போடச் சொல்வதற்கு முன்னால் படியுங்கள்

என் சித்தி மகள் பிரசவத்துக்காக ஊருக்கு வந்தபோது லேப்டாப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். குழந்தை பிறந்து ஐந்து மாதம் அதைத் தொடவே நேரமில்லை. ஒருநாள் திறந்தால், நான்கு இலக்க எண்ணைக் கேட்டது. தினமும் விரல் தானாக அடித்துக்கொண்டிருந்த எண் அது. மனதில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள் பக்கத்தில் ஒரு கடைக்கு எடுத்துப்போனார்கள். "ஃபார்மட் போட்டுடலாம், சாயங்காலம் வாங்க" என்றார்கள். அப்படியே போட்டும் கொடுத்தார்கள். வளைகாப்புப் படங்களும், சித்தப்பா கடைசியாகப் பேசிய இரண்டு வீடியோக்களும் அதோடு போயின.

அவள் மறந்தது அந்த நான்கு எண்களை மட்டும்தான். மெயில் ஐடியும் அதன் பாஸ்வேர்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கையிலிருந்த போனை வைத்தே பத்து நிமிடத்தில் உள்ளே போயிருக்கலாம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் சொந்த லேப்டாப், கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் இல்லாத ஒருவர் என்று வைத்துக்கொண்டு, எளிதானதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். கீழே போகப்போக ஃபைல்களை இழக்கும் ஆபத்து கூடும்.

முதலில் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள்

பாஸ்வேர்ட் மறக்கவே இல்லை, தப்பாக விழுகிறது, அவ்வளவுதான் என்பது நான் பலமுறை பார்த்தது. அதுவும் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். முந்தைய நாள் தமிழ் கீபோர்டில் எதையோ அடித்துவிட்டு மூடியிருப்பீர்கள். மறுநாள் லாக் ஸ்கிரீனிலும் அதே கீபோர்டு இருந்தால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் உள்ளே வேறு எழுத்து விழும். வெளியே தெரிவது கறுப்புப் புள்ளிகள் மட்டும்தான், அதனால் சந்தேகமே வராது. திரையின் வலது கீழ் மூலையில் மொழியைக் காட்டும் மூன்று எழுத்துகள் இருக்கும். அது ஆங்கிலமாக இல்லாவிட்டால் விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ்பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

அப்புறம் கேப்ஸ் லாக் பாருங்கள். நம்பர் லாக்கையும் பாருங்கள். சில சின்ன லேப்டாப்களில் நம்பர் லாக் விழுந்திருந்தால் வலது பக்கத்து எழுத்துகள் எண்களாக மாறிவிடும். கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் நீங்கள் அடித்தது அப்படியே தெரியும். ஏதாவது ஒரு எழுத்து விழவே இல்லை என்றால், வலது கீழே இருக்கும் மனித உருவப் பொத்தானில் (விண்டோஸ் 10-இல் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' பொத்தானில்) ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு இருக்கிறது. மவுஸால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். தேநீர் கொட்டிய லேப்டாப்பில் ஒரே ஒரு எழுத்து செத்துப்போய், அதற்காக ஃபார்மட் வரை போனவர்களும் உண்டு.

அந்தக் குட்டி 'பின்' எண்ணைச் சில முறை தப்பாகப் போட்டதும் ஆங்கிலத்தில் ஏ1பி2சி3 என்று அடிக்கச் சொல்லும். அதைப் பார்த்ததும் யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கீபோர்டு சரியாக வேலை செய்கிறதா, அடிப்பது மனிதர்தானா என்று விண்டோஸ் பார்க்கிறது. கேட்டதை அடித்துவிட்டுத் தொடருங்கள். புதிய விண்டோஸ் 11-இல் பத்து முறை தொடர்ந்து தப்பாகப் பாஸ்வேர்ட் போட்டால் கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடம் லேப்டாப்பைத் தொடாமல் காத்திருங்கள்.

மறந்தது எது என்று பிரித்துப் பாருங்கள்

விண்டோஸில் "பாஸ்வேர்ட்" என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு வேறு பொருள்கள். ஒன்று, பின். அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் உரிய குட்டி எண். இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட். மெயில் ஐடியோடு சேர்ந்தது, இணையத்தில் இருப்பது, எந்தப் போனிலிருந்தும் மாற்றலாம். மூன்றாவது, லோக்கல் கணக்கின் பாஸ்வேர்ட். அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே இருப்பது, மெயிலோடு தொடர்பே இல்லாதது.

எது உங்களுடையது என்று தெரியவில்லையா? பாஸ்வேர்ட் கட்டத்தில் ஏதாவது தப்பாகப் போட்டு எண்டர் தட்டுங்கள். கீழே 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்று வந்தால் அது லோக்கல் கணக்கு. 'ஐ ஃபர்காட் மை பாஸ்வேர்ட்' என்று வந்து, அழுத்தினால் மெயில் ஐடியைக் காட்டினால், அது மைக்ரோசாஃப்ட் கணக்கு.

பின் மட்டும் மறந்திருந்தால்

இது மிக எளிது. லேப்டாப்பில் இணையம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லாக் ஸ்கிரீனிலேயே வலது கீழே வைஃபை படம் இருக்கும். வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணையுங்கள்.

1. பின் கட்டத்துக்குக் கீழே இருக்கும் 'ஐ ஃபர்காட் மை பின்' என்பதை அழுத்துங்கள்.
2. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். போடுங்கள்.
3. உங்கள் போனுக்கோ இன்னொரு மெயிலுக்கோ ஓடிபி அனுப்பும். அதைப் போடுங்கள்.
4. உறுதியா என்று கேட்டதும் 'கன்டின்யூ' கொடுத்து, புது எண்ணை இரண்டு முறை அடியுங்கள்.

ஒரு ஃபைலும் போகாது. இன்னொரு வழியும் உண்டு. 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் சாவி படம் ஒன்று தெரியும். அதை அழுத்தி, பின்னுக்குப் பதிலாக மெயில் பாஸ்வேர்டையே போட்டு உள்ளே போகலாம். சில லேப்டாப்களில் அந்தச் சாவி படம் இருக்காது. பின், முகம், கைரேகை தவிர வேறு எதையும் ஏற்காதபடி அமைப்பு வைத்திருப்பார்கள். அப்போது மேலே சொன்ன நான்கு படிகள்தான்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டே மறந்திருந்தால்

லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு போனை எடுங்கள். பிரௌசரில் அக்கவுண்ட் டாட் லைவ் டாட் காம் ஸ்லாஷ் பாஸ்வேர்ட் ஸ்லாஷ் ரீசெட் என்ற முகவரியை ஆங்கிலத்தில் நீங்களே அடித்துப் போங்கள். தேடிப் போக வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மெயில் ஐடியைப் போட்டதும், முன்பு பதிந்து வைத்த போன் எண்ணின் கடைசி இலக்கங்களையோ இன்னொரு மெயிலையோ பாதி மறைத்துக் காட்டும். அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை நீங்கள் போட்டால் ஓடிபி வரும். போட்டுவிட்டுப் புதுப் பாஸ்வேர்ட் வையுங்கள். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், பழையதையே திரும்ப வைக்க முடியாது.

இங்கே ஒரு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். போனில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, இணையம் இல்லாத லேப்டாப்பில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். ஏற்காது. மாறிய செய்தி லேப்டாப்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அது பழையதையே நம்பிக்கொண்டிருக்கும். முதலில் வைஃபையில் இணைத்துவிட்டு, அப்புறம் புதுப் பாஸ்வேர்டைப் போடுங்கள்.

சரி, ஓடிபி போகும் எண் பழைய எண்ணாக இருந்தால்? அந்த சிம் தொலைந்திருந்தாலும் எண் இன்னும் உங்கள் பெயரில் உயிரோடு இருந்தால், அடையாள அட்டையோடு அந்த நிறுவனத்தின் கடைக்குப் போய் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். மற்ற எல்லா வழிகளையும்விட இது வேகமானது. எண்ணை விட்டுவிட்டு மாதக்கணக்காகிவிட்டது என்றால் அது வேறொருவருக்குப் போயிருக்கலாம். அப்போது அக்கவுண்ட் டாட் லைவ் டாட் காம் ஸ்லாஷ் ஏசிஎஸ்ஆர் என்ற பக்கத்தில் மீட்புப் படிவம் இருக்கிறது. உங்களைத் தொடர்புகொள்ள வேலை செய்யும் ஒரு மெயில் ஐடி, அது நண்பருடையதாக இருந்தாலும் சரி, கொடுக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பின்கோடு, முன்பு வைத்திருந்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயிலாக இருந்தால் சமீபத்தில் யாருக்கு எந்தத் தலைப்பில் மெயில் அனுப்பினீர்கள் என்பதெல்லாம் கேட்கும். நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். எப்போதும் பயன்படுத்தும் வீட்டு இணையத்திலிருந்தே நிரப்புவது நல்லது. 24 மணி நேரத்துக்குள் பதில் வரும். மறுத்துவிட்டால் இன்னும் யோசித்து, கூடுதல் விவரத்தோடு திரும்ப நிரப்பலாம், ஒரு நாளைக்கு இரண்டு முறை வரை. அம்மாவையும் தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்புங்கள். "நீ அப்போ எல்லாத்துக்கும் நம்ம நாய் பேரைத்தானே வைப்பே" என்று யாராவது சொல்வார்கள், அந்த ஒரு வரி கதவைத் திறக்கும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் அமைப்பு) போட்டு வைத்திருந்தவர்களுக்கு இந்தப் படிவம் உதவாது. பழைய எண்ணை நீக்கிப் புது எண்ணைப் பதிய மைக்ரோசாஃப்ட் அனுமதித்தாலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். நீண்ட காலம்தான். ஆனால் உள்ளே இருப்பது உங்கள் குழந்தையின் முதல் வருடப் படங்கள் என்றால் 30 நாள் காத்திருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு சிக்கல் நம் ஊர் வீடுகளில் அடிக்கடி உண்டு. லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையனே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு எல்லாவற்றையும் செய்துகொடுத்திருப்பார். அல்லது வெளியூரில் இருக்கும் மகன் தன் ஐடியைப் போட்டிருப்பான். இன்று அப்பாவுக்கு எந்த ஐடி என்றே தெரியாது. லாக் ஸ்கிரீனில் பெயருக்குக் கீழோ, 'ஐ ஃபர்காட் மை பின்' அழுத்திய பிறகு வரும் பக்கத்திலோ அந்த ஐடி தெரியும். அதை போனில் படமெடுத்து, செய்துகொடுத்தவரிடம் கேளுங்கள்.

லோக்கல் கணக்கு என்றால்

தப்பான பாஸ்வேர்டைப் போட்டதும் வரும் 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்பதை அழுத்தினால், முன்பு நீங்களே பதில் எழுதி வைத்த மூன்று கேள்விகள் வரும். முதல் செல்லப்பிராணியின் பெயர், பிறந்த ஊர் மாதிரி. இந்த வசதி 2018-இல் வந்தது. பதில்களை எழுத்து மாறாமல் போட வேண்டும். திருச்சி என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம் அல்லவா? நாலையும் முயன்று பாருங்கள்.

கேள்விகள் வைக்கவில்லை என்றால், அதே லேப்டாப்பில் வீட்டில் வேறு யாருக்காவது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கணக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் உள்ளே போய், கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸ், அதில் 'மேனேஜ் அனதர் அக்கவுண்ட்' என்று போய் உங்கள் கணக்குக்குப் புதுப் பாஸ்வேர்ட் வைக்கலாம். படங்களும் ஆவணங்களும் இருக்கும். உங்கள் கணக்கில் சேமித்து வைத்த இணையதளப் பாஸ்வேர்டுகள் மட்டும் போய்விடலாம். இரண்டும் இல்லையென்றால் கணக்கைத் திறப்பதை விட்டுவிட்டு, ஃபைல்களைக் காப்பாற்றுவதில் இறங்க வேண்டும்.

48 எண்கள் கேட்கும் நீலத் திரை

சில லேப்டாப்களில் பிட்லாக்கர் என்று ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். லேப்டாப்புக்குள் ஃபைல்கள் இருக்கும் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அதாவது அந்த எண் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நான் எப்போது அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் செய்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை அமைக்கும்போது பல லேப்டாப்களில் அது தானாகவே நடந்துவிடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது.

அந்த எண்ணை யாராலும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது, உடைத்துத் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். ஆனால் தானாக நடந்திருந்தால் எண்ணும் தானாகவே உங்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் ஏகேஏ டாட் எம்எஸ் ஸ்லாஷ் மைரெகவரிகீ என்ற முகவரிக்குப் போய், லேப்டாப்பை முதலில் அமைத்தவரின் ஐடியில் நுழையுங்கள். பட்டியலில் பல எண்கள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதை எடுங்கள்.

உள்ளே போகாமல் ஃபைல்களை எடுப்பது

கணக்கு திறக்கவே இல்லை, ஆனால் வட்டு மறைகுறியாக்கப்படவில்லை என்றால், ஃபார்மட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம். நண்பரின் கம்ப்யூட்டரும், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும், ஃபைல்களை வாங்கிக்கொள்ள ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். நண்பரின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் வெறும் பென்டிரைவாகப் பார்த்து எடுங்கள்.

பூட்டிய லேப்டாப்பில், லாக் ஸ்கிரீனின் பவர் பொத்தானில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' வேண்டாம். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் பெரும்பாலும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், வட்டைத் திறக்க விடாமல் தொல்லை கொடுக்கும். கம்பெனி சின்னம் தெரியும்போது பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் ஒரு டெஸ்க்டாப் வந்து நிற்கும். அதில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு படம் இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். அது வட்டையே அழித்துவிடக்கூடும்.

ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கம் விண்டோஸ் வட்டு தெரியும். அதில் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பெயர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்கள். டெஸ்க்டாப் காலியாக இருந்தால் பயப்படாதீர்கள், 'ஒன்டிரைவ்' (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும். நகல் எடுத்த பிறகு நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

வேறு வழியே இல்லாவிட்டால்

இப்போதுதான் ஃபார்மட். இதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. சார்ஜரைச் செருகுங்கள். லாக் ஸ்கிரீனில் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலப் பட்டியலில் 'டிரபிள்ஷூட்', அதில் 'ரீசெட் திஸ் பிசி'. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். ஆனால் அது உங்கள் கணக்கையும் அதன் பாஸ்வேர்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். முடிந்ததும் அதே பூட்டின் முன்னால்தான் நிற்பீர்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதுதான் பூட்டை நீக்கும், உள்ளே இருப்பதையும் சேர்த்து நீக்கும். 'கிளவுட் டவுன்லோட்' 4 ஜிபிக்கு மேல் டேட்டா தின்னும், போன் டேட்டாவில் இருப்பவர்கள் 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' எடுங்கள். இதை அழுத்துவதற்கு முன் ஒருமுறை போனில் ஒன்டிரைவ் கணக்கைத் திறந்து, எந்தப் படங்கள் அங்கே ஏற்கெனவே பத்திரமாக இருக்கின்றன என்று பாருங்கள்.

விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட் கேட்டால் அது பயாஸ் பூட்டு, விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் உள் மென்பொருளில் போட்ட பூட்டு. மேலே சொன்ன எதுவும் அங்கே செல்லாது. உள்ளே உள்ள பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது பழைய கம்ப்யூட்டர்களின் காலத்துப் பேச்சு, இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் நடக்காது. வாங்கிய பில்லோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் எதையும் முயலாமல் ஐடி பிரிவுக்கு போன் செய்யுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் மூன்று முறை தப்பாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆப்பிள் கணக்கால் மாற்றிக்கொள்ளும் வழியை அதுவே காட்டும்.

தேடிக் கிடைக்கும் எண்களுக்கு போன் செய்யாதீர்கள்

முகவரியை நீங்களே அடியுங்கள் என்று சொன்னதன் காரணம் இது. லேப்டாப் அன்லாக் என்று தேடினால், உதவி மையம் என்ற பெயரில் போன் எண்கள் வரும். கனிவாகப் பேசுவார்கள். போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்வார்கள், ஓடிபியைப் படிக்கச் சொல்வார்கள். அந்த ஓடிபி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கோ, வங்கிக் கணக்குக்கோ உரியதாக இருக்கும். பூட்டிய லேப்டாப்பின் பதற்றத்தில் இருப்பவர் எதையும் சொல்லிவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஓடிபியை யாருக்கும் வாயால் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லிப் பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

உள்ளே போனதும்

திறந்த சந்தோஷத்தில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கியமான ஃபோல்டர்களை ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இப்போது கையில் இருக்கும் போன் எண்ணையும், இரண்டாவதாக வீட்டில் இன்னொருவரின் மெயிலையும் பதியுங்கள். லோக்கல் கணக்கு என்றால் அந்த மூன்று கேள்விகளை வையுங்கள். பிட்லாக்கர் எண் இருந்தால் அதை 48 இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி காகிதத்தில் எழுதி, மெயில் ஐடியையும் பக்கத்தில் குறித்து, ரேஷன் கார்டும் பத்திரங்களும் இருக்கும் பையில் போடுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள்.